பழைய துருக்கி கிலிம் வாங்கலாமா? "60 வருடப் பழசு, முழுக்க இயற்கைச் சாயம்" என்கிறார்கள்

கேள்வி: வாசகி ஒருவர், 3 ஜூன் 2023

ஹாலுக்கு ஒரு விரிப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் ஒன்று பிடித்திருக்கிறது. "துருக்கியில் 1960களில் கையால் நெய்த கம்பளிக் கிலிம், முழுக்க இயற்கைச் சாயம், 9,000 ஆண்டுத் தாய்த்தெய்வச் சின்னம்" என்று போட்டிருக்கிறார்கள். 5 அடிக்கு 9 அடி, 48,000 ரூபாய். கையால் நெய்தது என்றால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்குமாமே, இது அப்படித்தான் இருக்கிறது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுநடுவே சின்னச் சின்னக் கிழிசல் தெரிகிறது. நம்பி வாங்கலாமா அண்ணா?

3 ஜூன், இரவு 10.40

அது கிழிசல் இல்லை அம்மணி. கிலிம் நெய்கிற விதமே அதுதான். நம் சேலையில் ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடித் திரும்பும். கிலிமில் அப்படி ஓடாது. சிவப்புக் கட்டத்துக்கான நூல் சிவப்பின் எல்லை வரை போய் அங்கேயே திரும்பிவிடும், பக்கத்து நீலம் தன் எல்லையில் திரும்பிவிடும், இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளாததால் நடுவில் பாவு வாக்கில், அதாவது நீளவாக்கு நூலையொட்டி, ஒரு சிறு பிளவு நிற்கும். பிளவு நீண்டுபோனால் விரிப்பு தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் நெய்கிறவள் நேர்கோட்டை அதிக தூரம் விடாமல் இரண்டு மூன்று இழை தள்ளித் தள்ளிப் படிக்கட்டு மாதிரி கொண்டுபோவாள். கிலிமில் பூவும் கொம்பும் எல்லாமே படிக்கட்டு வெட்டாக இருப்பது இதனால்தான், அவளுக்கு வளைவு வரையத் தெரியாமல் இல்லை.

விரிப்பைச் சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் கேளுங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் நல்லது. இரண்டு முனைகளிலும் குஞ்சத்தைக் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். குஞ்சம் என்பது பாவு நூலின் மிச்சம், உடலுக்குள்ளிருந்தே வர வேண்டும். தனியாக வைத்துத் தைத்திருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2012 முதல் 2015 வரை துருக்கித் தலைநகர் அங்காராவில் வேலை. கோட்டை அடிவாரத்தில் சாமன்பஸாரி, அங்கிருந்து ஏறும் சிக்ரிக்சிலர் யோக்குஷு என்கிற செங்குத்துத் தெரு முழுக்கக் கம்பளமும் செம்பும் பழம்பொருளும்தான். வாங்கியது ஒன்றே ஒன்று. பார்த்தது, தேநீர் குடித்தது, ஏமாந்தது எல்லாம் நிறைய.

3 ஜூன், இரவு 11.15

படுக்கப் போனவன் எழுந்து வந்தேன். "முன்னும் பின்னும் ஒரே மாதிரி" என்பதை மட்டும் நம்பாதீர்கள். இயந்திரத்தில் நெய்த பருத்தி விரிப்பும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கலாம். அச்சடித்தது என்றால் பின்பக்கம் வெளிறித் தெரியும், அந்த மட்டும் உதவும்.

4 ஜூன், காலை 7.20

எனக்கு உண்மையில் உறுத்துவது சாயம். "1960கள்", "முழுக்க இயற்கைச் சாயம்" இரண்டும் ஒரே விளம்பரத்தில் இருந்தால் ஒன்று பெரும்பாலும் பொய்.

பெர்க்கின் என்ற வேதியியல்காரர் லண்டனில் முதல் செயற்கைச் சாயத்தை, அந்த ஊதாவைக் கண்டுபிடித்தது 1856இல். கிரேபெ, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியல்காரர்கள், மஞ்சிட்டி வேர் தருகிற சிவப்பின் சாரமான அலிசரினைச் செயற்கையாகச் செய்தது 1868இல். அதற்குப் பிறகு சில பத்தாண்டுகளில் அனத்தோலியாவின், அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியின், கிராமச் சந்தைகளுக்கே பொட்டலத்தில் சாயம் வந்துவிட்டது. வேரைத் தோண்டி, காயவைத்து, இடித்து, படிகாரத்தில் கம்பளி நூலை ஊறவைத்து நாள்கணக்கில் மெனக்கெடுவதைவிட ஒரு பொட்டலம் கரைப்பது எளிது. நானாக இருந்தாலும் கரைத்திருப்பேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஹரால்ட் பொய்மர் என்ற ஜெர்மன் வேதியியல்காரர், பழைய கம்பளங்களின் சாயத்தை ஆய்ந்து எந்தச் செடி எந்த நிறம் தந்தது என்று கண்டுபிடித்து, 1981இல் சனக்கலே மாகாணத்து அய்வஜிக் பக்கக் கிராமப் பெண்களுக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தார். டோபாக் திட்டம் என்று பெயர். 60களில் ஊரெங்கும் இயற்கைச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தால் 81இல் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அதைத் தோண்டியெடுக்க வேண்டிய தேவை என்ன?

சாயமிடாத கம்பளியின் வெள்ளை, பழுப்பு, கறுப்பு வேறு விஷயம். அது ஆட்டின் இயற்கை. அதைக் காட்டி "இயற்கை" என்று ஒருவர் சொல்வதும் உண்டு, சொல்லளவில் பொய் இல்லை.

4 ஜூன், மாலை

"அப்படியானால் செயற்கைச் சாயம் போட்டதெல்லாம் போலியா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. 1960களில் ஒரு கிராமத்துப் பெண் தன் கல்யாணச் சீருக்குச் சந்தைச் சாயத்தில் நெய்த கிலிம் அசல் கிலிம்தான். சிலதில் ஆரஞ்சு நிறம் கண்ணைப் பறிக்கும், அது அவளுடைய ஆசை. பொய் விரிப்பில் இல்லை, விளம்பரத்தில் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். 2013 குளிர்காலம், அதே செங்குத்துத் தெரு. கடைக்காரர் என்னை "அபி, அபி" என்று கூப்பிட்டார், நம்மூரில் "அண்ணே" என்பது போல. மூன்றாவது கிளாஸ் தேநீரில் ஒரு கிலிமை விரித்தார். கொன்யா பக்கத்து வேலை, சிவப்பும் கருநீலமும் வெள்ளையும். நடுவில் நீளவாக்கில் ஒரு தையல். இரண்டு பாதிகளைச் சேர்த்துத் தைத்திருக்கிறது, வடிவங்கள் நடுவில் நான்கு விரற்கடை ஏறி இறங்கி நிற்கின்றன. எனக்குப் பேரத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "இது வெட்டி ஒட்டியது, பொருத்தம்கூட இல்லை, குறையுங்கள்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரும் வந்துவிட்டார்.

யூருக் என்கிற நாடோடிக் குடிகள் கோடையில் மலைக்கும் குளிரில் சமவெளிக்குமாக ஆட்டு மந்தையோடு போய்வருகிறவர்கள். ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய தறி எவ்வளவு அகலம் இருக்கும்? அந்த அகலத்துக்கு ஒரு பாதி, முடித்தபின் இன்னொரு பாதி. ஒரு பாதி மலையில், மறு பாதி கீழே இறங்கிய பிறகு என்றுகூட ஆகும். அடிக்கிற கை அழுத்தம் அதற்குள் மாறியிருக்கும். ஊடையை அடித்து இறக்குகிற கனமான சீப்புக்கு கிர்கிட் என்று பெயர், அன்று அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் அடி லேசாக விழும், அந்தப் பாதி நீண்டுபோகும். இரண்டும் அப்படியே பொருந்தினால்தான் அது அதிசயம்.

ஆக, நான் குறை என்று காட்டியதுதான் அந்த விரிப்பின் அடையாளமே. 1,100 லிரா சொன்னதை 600க்குக் கொடுத்தார். சிரித்ததற்குக் கூலியாகக் குறைத்திருப்பார்.

6 ஜூன்

திருத்தங்கள்.

ஒன்று, வீட்டில் இந்த இணைய இழையைப் படித்துவிட்டு "600 இல்லை, 750. மீதியை என் கைப்பையிலிருந்து எடுத்தீர்கள்" என்று தகவல் வந்திருக்கிறது. 750.

இரண்டு, வெளிச்சத்தில் பொட்டு தெரியாவிட்டால் வாங்காதீர்கள் என்கிற தொனியில் எழுதிவிட்டேன், அது தப்பு. முடிச்சுப் போடாத தட்டை நெசவு எல்லாவற்றையும் கடைகளில் கிலிம் என்றே விற்கிறார்கள். ஆனால் ஜிஜிம், ஸிலி, சுமாக் என்று தனித்தனி வகைகள் உண்டு. ஜிஜிமில் அடித்துணி சாதாரண நெசவு, அதன்மேல் வண்ண நூலைக் கூடுதலாக இடையிட்டு வடிவம் எழுப்புவார்கள். பார்த்தால் தையல்பூ போட்டது மாதிரி தெரியும், பின்பக்கம் நூல் தொங்கும். சுமாக்கில் நூல் பாவைச் சுற்றிச் சுற்றி வரும், கனமாக இருக்கும். இவற்றில் பிளவு இருக்காது, முன்னும் பின்னும் ஒரே மாதிரியும் இருக்காது. ஆனாலும் கைவேலைதான்.

மூன்று, டோபாக்கில் பெரும்பாலும் நெய்தது முடிச்சுக் கம்பளம், கிலிம் அல்ல. என் வாதம் சாயத்தைப் பற்றியது என்பதால் நிற்கிறது, ஆனால் எழுதிய விதத்தில் குழப்பிவிட்டேன்.

7 ஜூன்

"நம்ம ஜமக்காளம் மாதிரியா?" என்று கேட்டவருக்கு: ஆமாம், இல்லை. நான் ஈரோட்டுக்காரன், பவானி ஜமக்காளத்தில் புரண்டு வளர்ந்தவன். ஊடை நூல் பாவை முழுக்க மூடிவிடுகிற சாதி இரண்டுமே, அந்த வகையில் பங்காளி. ஆனால் ஜமக்காளத்துக் கோட்டில் ஊடை கரையிலிருந்து கரைக்கு ஓடும், அதனால் பிளவுக்கு வேலையே இல்லை. அது பருத்தி, இது கம்பளி. கல்யாண வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த ஜமக்காளத்தைக் கிணற்றடியில் அடித்துத் துவைக்கலாம். கிலிமை அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன், இன்னும் ஆறவில்லை.

11 ஜூன், ஞாயிறு

அந்த "9,000 ஆண்டுத் தாய்த்தெய்வம்". இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று வைத்திருந்தேன்.

இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி நிற்கிற பெண் மாதிரி ஒரு வடிவம் கிலிம்களில் வரும். துருக்கியில் எலிபெலிண்டே என்பார்கள், "கை இடுப்பில்" என்றுதான் அர்த்தம். அதைத் தாய்த்தெய்வம் என்று சொல்லி விற்பது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. அதன் வேர் கொன்யா சமவெளியில் உள்ள சாத்தல்ஹுயுக் என்கிற புதிய கற்கால ஊர். ஜேம்ஸ் மெல்லார்ட் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் 1961இல் அங்கே தோண்டத் தொடங்கினார். சுவர் ஓவியங்கள் கிடைத்தன, அது உண்மை, அங்காராவின் அனத்தோலிய நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் கம்பளக் கடைத் தெருவில் மூச்சு வாங்க ஏறி நேரே அங்கே போய் அவற்றின் முன் நின்றிருக்கிறேன். வேட்டைக் காட்சிகள், பெரிய சிவப்புக் காளை. பார்க்கப் பார்க்க அலுக்காது.

சிக்கல் அடுத்தது. தோண்டி இருபது ஆண்டு கழித்து மெல்லார்ட், கிலிம் வடிவங்களை அப்படியே உரித்து வைத்த மாதிரியான சுவர் ஓவியங்களும் அங்கே இருந்தன என்று வரைபடங்களைக் கொண்டுவந்தார். 1989இல் பெரிய அளவில் புத்தகமாகவே வந்தது. புகைப்படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவர் கையால் வரைந்தவை. கம்பள வியாபாரிகளுக்கு யோகம்: நேற்று நெய்ததற்குக்கூட 9,000 ஆண்டுப் பரம்பரை வந்துவிட்டது. மார்லா மாலெட் போன்ற நெசவு தெரிந்தவர்கள் அப்போதே எதிர்த்தார்கள். எனக்குப் பிடித்த வாதமும் நெசவிலிருந்து வருவதுதான். படிக்கட்டு வெட்டு, பிளவைத் தவிர்க்கத் தறி போடுகிற கட்டாயம். சுவரில் தூரிகை பிடித்தவருக்கு அந்தக் கட்டாயம் எதற்கு?

மெல்லார்ட் 2012இல் இறந்தார். 2018இல் அவருடைய லண்டன் வீட்டில், அவர் "கண்டுபிடித்த" ஓவியங்களுக்கு அவரே போட்டுப் பார்த்த முன்வரைவுகள் கிடைத்ததாக எபர்ஹார்ட் ஸாங்கர் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். போதாததற்கு 2021இல் வந்த ஆய்வு, சாத்தல்ஹுயுக்கில் கிடைத்த துணித் துண்டுகள் ஓக் மரப்பட்டை நாரில் ஆனவை என்று காட்டியது. கம்பளியே இல்லை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு தெய்ஸே இருந்தார், தெய்ஸே என்றால் பெரியம்மா, சித்தி என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன வயதில் சிவாஸ் பக்கத்துக் கிராமத்தில் தறியில் உட்கார்ந்தவர். என் கிலிமைக் காட்டி இந்தச் சின்னத்துக்கு என்ன பொருள் என்று பயபக்தியோடு கேட்டேன். "பொருளா? எங்க அம்மா அப்படித்தான் நெய்வாள்" என்றார். பிறகு தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் நெய்தவளுக்குப் பொறுமை போதாது" என்றார்.

12 ஜூன்

நேற்று எழுதியதைக் காலையில் படித்தால் ஏதோ சின்னங்கள் எல்லாமே வியாபாரிகளின் கட்டுக்கதை என்பது போல இருக்கிறது. அப்படி இல்லை. ஆட்டுக்கடாக் கொம்பு, ஓநாய் வாய், கண், தாயத்து, தேள், தலைமுடி நாடா, சீதனப் பெட்டி என்று ஊரார் வாயில் புழங்குகிற பெயர்கள்தான் இவை. ஆடு மேய்க்கிறவள் ஓநாயை நினைப்பதும், கண் படாமலிருக்கக் கண்ணை நெய்வதும் நமக்குப் புரியாத சங்கதியா, வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுகிறவர்கள் நாம். நான் சொல்வது, ஒரே வடிவத்தை ஒரு ஊரில் கொம்பு என்றும் அடுத்த ஊரில் வேறாகவும் சொல்வார்கள், அகராதி போட்டு விற்பவரை நம்பாதீர்கள் என்பதுதான்.

19 ஜூன்

சரி, துவைத்த கதை.

2017, சென்னை, ஐப்பசி. விருந்தாளி கையிலிருந்து ரசம் கிண்ணத்தோடு கிலிமில் கவிழ்ந்தது. எல்லோரும் பதறினார்கள், நான் பதறவில்லை. "இயற்கைச் சாயம், நூறு வருஷம் நிற்கும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, குளியலறையில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரையும் துணி சோப்புத்தூளையும் கொட்டினேன். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் பீட்ரூட் கூட்டு மாதிரி ஆனது. வெள்ளை இருந்த இடமெல்லாம் ரோஜா நிறம். வினிகர் கலந்த குளிர்ந்த தண்ணீரில் அலசி அலசி ஓரளவு மீட்டேன். ஒரு மூலையில் இன்னும் ரோஜா மிச்சம். கம்பளியும் அங்கங்கே சுருங்கி, தரையில் போட்டால் ஒரு பக்கம் அலை மாதிரி நிற்கிறது.

மஞ்சிட்டி வேரில் ஒழுங்காக ஏற்றிய சிவப்பு இப்படி ஓடாது. அப்போதுதான் எனக்கு விற்ற இயற்கைச் சாயத்தின் லட்சணம் புரிந்தது. 4ஆம் தேதி நான் அவ்வளவு உறுதியாக எழுதியதற்குப் பின்னால் இருந்தது படிப்பு இல்லை, இந்தக் குளியலறைதான்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றே: வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு நிறத்திலும், முக்கியமாகச் சிவப்பிலும் கறுப்பிலும், ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால், அந்த விரிப்பு உங்கள் வீட்டில் ரசத்தைத் தாங்காது. இணையத்தில் வாங்குகிறீர்கள் என்பதால் இதை விற்பவரையே செய்து காணொளி அனுப்பச் சொல்லுங்கள்.

20 ஜூன்

ரசத்தைக் கவிழ்த்தவர் யார் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மைத்துனர். இழையைப் படிக்கிறார். இதோடு விடுங்கள்.

25 ஜூன்

வயது பற்றி. "நிறம் மங்கியிருக்கிறது, அதனால் பழசு" என்பது சரியாக வராது. 2014 ஜூலையில் ஆண்டலியாவிலிருந்து வடக்கே போகும்போது தோஷெமெஆல்ட்டி பக்கம் வயல் முழுக்கக் கம்பளங்கள் விரித்துக் கிடந்ததைப் பார்த்தேன். நெல் காயப்போடுகிற மாதிரி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. கோடை முழுவதும் வெயிலில் கிடந்து நிறம் தணியும், பூச்சியும் சாகும், மேல்நாட்டு வீடுகளுக்குப் பிடித்த வெளிர்நிறம் வந்துவிடும். அதை மோசடி என்று சொல்ல மாட்டேன், நிறம் தணிக்க என்று வெளிப்படையாகவே செய்கிறார்கள். அது ஊர் தாண்டிக் கடைக்கு வரும்போது "காலத்தால் கனிந்த நிறம்" ஆகிவிடுகிறது, அதுதான் தொல்லை. பிளவுக்குள் விரலை விட்டு நூலை ஒதுக்கி உள்ளே பாருங்கள், மறைந்திருக்கிற இடத்து நிறம்தான் அசல். உள்ளே பளீர் என்று இருந்தால் வெயிலோ ப்ளீச்சோ, ஏதோ நடந்திருக்கிறது.

நிஜமாகவே பழசானதில் வேறொன்றைப் பார்க்கலாம். அடர்பழுப்பும் கறுப்பும் வர இரும்புச் சத்து சேர்த்துச் சாயமேற்றுவார்கள். அந்த இரும்பு நாளடைவில் கம்பளியைத் தின்னும். சிவப்பும் நீலமும் திடமாக இருக்க, பழுப்புக் கோடு மட்டும் அரித்துப் பாவு தெரிந்தால், அது சீக்கிரத்தில் செய்துகாட்டக்கூடிய வித்தை இல்லை.

எழுத்து நெய்திருந்தால் இன்னும் எளிது. துருக்கி லத்தீன் எழுத்துக்கும் எண்ணுக்கும் மாறியது 1928இல். லத்தீன் எழுத்தில் பெயர் இருக்கிற கிலிமை "19ஆம் நூற்றாண்டு" என்று விற்றால் சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள். அரபு எண்ணில் 1327 என்று இருந்தால் ஹிஜ்ரிக் கணக்கில் 1909, உஸ்மானிய அரசின் ரூமிக் கணக்கில் 1911.

என் கடைக்காரர் முதல் கிளாஸில் 120 வயது என்றார். "நூறு வயது தாண்டியதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாதே, 1983ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "விமான நிலையத்தில் கேட்டால் 40" என்றார்.

2 ஜூலை

அந்து பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. அந்துப்பூச்சி தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும், அதுவும் இருட்டில், ஆள் நடமாடாத இடத்தில். சோபாவுக்கு அடியில் போகிற பகுதிதான் முதலில் போகும். அதனால் நடுஹாலில் மிதிபட விடுங்கள், மாதம் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள், இரண்டு பக்கமும் ஒன்றுதானே. சுருட்டிப் பரணில் வைத்து நான்கு அந்துருண்டை போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் ஆக மோசம். புழு வந்துவிட்டால் பிளாஸ்டிக்கில் காற்றுப் போகாமல் கட்டி ஆழ்குளிர் பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். என் கிலிமுக்கு இடம் கொடுத்த ஐஸ்கிரீம் கடைக்காரருக்கு நன்றி. தூசு உறிஞ்சும்போது சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிடுங்கள், குஞ்சத்தைப் பிடுங்கிவிடும்.

9 ஜூலை

என் கிலிமைப் பற்றி இன்னொரு விஷயம். வலது பாதியில் ஒரு முழ நீளத்துக்கு நீலம் திடீரென்று வேறு நீலமாகிறது, கொஞ்சம் பச்சை தட்டிய நீலம், பிறகு மறுபடி பழைய நீலம். இவ்வளவு நாளும் பின்னால் யாரோ பழுது பார்த்த ஒட்டு என்றே நினைத்திருந்தேன், வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்லியும் வந்தேன். நேற்று இந்த இழைக்காகப் படம் எடுக்கும்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாவு அறுபடவே இல்லை, புதுநூல் செருகிய தடயம் இல்லை, இரண்டு நீலமும் ஒரே கையால் அடுத்தடுத்து ஓடியிருக்கின்றன. நூல் தீர்ந்துபோய் அடுத்த ஈட்டில் வேறு நிறம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கம்பளக்காரர்கள் இதை அப்ராஷ் என்பார்கள். அப்புறம் பழைய நீலம் எங்கிருந்து திரும்ப வந்தது? எங்கேயோ ஒரு கண்டு ஒளிந்து கிடந்து அகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஸ்வெட்டர் பின்னும்போது நடப்பதுதான்.

பழைய கிலிம்கள் எப்படி மிஞ்சின என்று யாரோ கேட்டிருந்தார்கள், மறந்தே போனேன். இறந்தவரை ஒரு கிலிமால் போர்த்தி எடுத்துப்போய், அடக்கம் முடிந்ததும் அதைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போவார்கள். அடியில் கிடந்தவை தப்பின. திவ்ரியி என்ற ஊரின் பெரிய பள்ளிவாசலில் இருந்தெல்லாம் அப்படித்தான் மிகப் பழையவை இஸ்தான்புல் அருங்காட்சியகத்துக்கு வந்தன. கூடாரத்துக்குள் தடுப்பாக, அடுக்கிய படுக்கைமேல் மூடாக, தானிய மூட்டையாக இருந்தவை தேய்ந்தே போயின. தரையில் போட்டு அழகு பார்ப்பது நாம் கண்டுபிடித்த வேலை.

15 ஜூலை

கேள்வி கேட்டவர் ஒரு மாதத்துக்குப் பிறகு படங்களோடு வந்திருக்கிறார். பார்த்துவிட்டேன்.

குஞ்சம் உடலிலிருந்தே வருகிறது. வெளிச்சப் படத்தில் பொட்டு தெரிகிறது. ஈரத்துணிக் காணொளியில் ஆரஞ்சு லேசாக ஏறுகிறது, சிவப்பு ஏறவில்லை. அந்த ஆரஞ்சு எந்தச் செடியிலிருந்தும் வந்ததில்லை, இயற்கைச் சாயம் என்கிற வரியை விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள். 48,000 எனக்கு அதிகமாகவே படுகிறது.

நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை, ஆறாவது படத்தில் இடது கீழ் மூலையில், கரைக்கும் கொம்பு வடிவத்துக்கும் நடுவே, நான்கு குட்டி எண்கள். படத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். 1974. அதில் 7 மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கிறது. விற்பவருக்கே தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் 60கள் என்று போட்டிருக்க மாட்டார். பத்து வயது குறைந்தது, அதற்கும் சேர்த்துக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த 7ஐக் காட்டி "எழுத்துப் பிழை, குறையுங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நடுத்தையலைக் காட்டி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

16 ஜூலை

குளிர்ந்த தண்ணீர். மறந்துவிடாதீர்கள்.